வலிக்காத கட்டி

கேள்வி: எனக்கு 43 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களாக இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வலியே இல்லை. கொழுப்புக் கட்டிதான், பற்றுப் போட்டால் கரைந்துவிடும் என்கிறார் மாமியார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மாங்காய்ப் பருவம் முடிந்த பிறகு மருத்துவரிடம் போகலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பருவம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே காட்டிவிடுங்கள். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு விரல் பட்டதும் நழுவி ஓடும் நார்த்திசுக் கட்டியும், 35 வயதுக்கு மேல் நீர்க்கட்டியும், மாதவிலக்குக்கு முன் வீங்கிப் பின் தானே தணியும் கட்டிகளும் சாதாரணமாக வருவதுண்டு. ஆனால் உங்கள் கட்டி இரண்டு மாதமாகியும் மறையவில்லை, வயதும் 40-ஐக் கடந்துவிட்டது. வலி இல்லை என்று நீங்கள் ஆறுதல் கொள்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனெனில் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்திருந்தால் இதற்குள் நீங்களே போயிருப்பீர்கள்.

கையால் தொட்டுப் பார்த்து மட்டும் எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்து, சந்தேகம் இருந்தால் ஊசி வழியே சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த ஊசியால் நோய் பரவிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. மாறாக, என்ன கட்டி என்று தெரியாமலே அறுத்தெடுத்துவிடுவதுதான் பின்னர் சிகிச்சையைச் சிக்கலாக்கும். பற்று, தோலைப் புண்ணாக்குவதோடு நாட்களையும் விழுங்கிவிடும்.

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அங்கே இலவசம். மேற்கொண்டு பார்க்கக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தோல் குழிந்து ஆரஞ்சுத் தோல்போல் ஆவது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, அதிலிருந்து இரத்தம் கசிவது, அக்குளில் கட்டி தெரிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பாலூட்டும் என் மகளுக்கு மார்பு சிவந்து வீங்கி, காய்ச்சலும் அடிக்கிறது. பாலை நிறுத்திவிட்டு மல்லிகைப்பூ வைத்துக் கட்டலாமா?
– ஒரு தாய், அரூர்

பதில்: மல்லிகைப்பூவைப் பால் வற்றுவதற்காகவே கட்டுவார்கள், மகளுக்கோ இப்போது பால் தேங்காமல் வெளியேற வேண்டும். ஆகவே குழந்தைக்குத் தொடர்ந்து கொடுக்கச் சொல்லுங்கள், இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை முடிந்தும் சிவப்பு தணியாவிட்டால், இதே தோற்றத்தில் அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோயும் உண்டு என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.