மங்கோலியா போங்க, டாப்-அப்ல மட்டும் போகாதீங்க

கேள்வி: சார், கோயம்புத்தூர், வயசு 34, கைக்கு மாசம் 85,000 வருது. ஜூலையில மனைவியோட மங்கோலியா போய் ஆடு மாடு மேய்க்கறவங்க கூட கெர் கூடாரத்துல தங்கணும், நாதாம் திருவிழா பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 4 லட்சம் ஆகும். லடாக், வியட்நாம் போன பர்சனல் லோன் 2.6 லட்சம் பாக்கி இருக்கு, வட்டி 14%, ஈஎம்ஐ 11,500. அது மேலயே டாப்-அப் தர்றாங்க, மாசம் நாலாயிரம்தான் கூட வருமாம். மச்சினனும் வர்றாராம், பணம் அப்புறம் தர்றாராம். எடுக்கலாமா? பயமா இருக்கு.

பதில்: பயம் சரியான பயம்தான் தம்பி. ஆசையில தப்பில்ல, லடாக் கடன் முடியறதுக்குள்ள வியட்நாமுக்கு டாப்-அப், அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு, அந்தப் பழக்கம்தான் உங்கள முழுங்குது.

ஃபோன்ல நாலாயிரம்னு சொன்ன பையன் பொய் சொல்லல, பாதியச் சொல்லல, அவ்ளோதான். இப்ப இருக்கற கடன் இன்னும் 26 மாசத்துல முடிஞ்சுரும், மொத்தம் மூணு லட்சம் கட்டுவீங்க. டாப்-அப் எடுத்தா 6.6 லட்சம், அஞ்சு வருஷம், ஈஎம்ஐ 15,350 கிட்ட, ஆக 9.2 லட்சம். கழிச்சுப் பாருங்க, 4 லட்ச ட்ரிப்புக்கு 6.2 லட்சம், அதுவும் வியட்நாம்ல குடிச்ச சூப்புக்கும் சேர்த்து 39 வயசு வரைக்கும் வட்டி. நீங்க பாக்கப்போற அந்த மேய்ச்சக்காரங்களும் லோன் வாங்கறவங்கதான், வசந்த காலத்துல வெள்ளாட்டோட காஷ்மீர்ங்கற மெல்லிசு முடியச் சீவி வித்து அடைப்பாங்க, 2023-24 குளிர்ல 'சுட்' (மேய்ச்சல் நிலத்த பனி மூடி கால்நடை பட்டினியில சாகற கொடுங்குளிர்) வந்து நாடு முழுக்க 70 லட்சத்துக்கு மேல கால்நடை செத்துச்சு, ஆடு போயிருச்சுன்னு பேங்க் கடன விட்டுருமா என்ன. அவங்க கடனாவது பொழப்புக்கு.

இந்த ஜூலைய விடுங்க. ஈஎம்ஐய அப்படியே கட்டிட்டு மாசம் 20,000 ஆர்டியில போடுங்க, 15 மாசத்துல மூணு லட்சம். மூணு லட்சம் பத்துமான்னா, நாதாம் நடக்கற ஜூலை 11-13 ஒட்டி ரூம், ஃப்ளைட் எல்லாமே ஏறிக்கிடக்கும், ஆகஸ்ட் கடைசியில போனா குறையும், ஐராக் (குதிரைப்பால் புளிக்க வெச்சது) அப்பவும் கிடைக்கும், ராத்திரி குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீங்க. தலைநகர் உலான்பாத்தர் தாண்டுனா பெரிய செலவே ஜீப்பும் டிரைவரும் டீசலும்தான், நாலு பேரா பிரிச்சா தாங்கும்.

அப்புறம் இந்த 'இப்ப போ, அப்புறம் கட்டு' ஆப், லவுஞ்சுல ஓசி சமோசா தர்ற ட்ராவல் கார்டு, இதெல்லாம் எனக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க. புல்வெளியில கூடாரத்துக்காரர் ஸ்வைப் மெஷின் வெச்சுக்கிட்டு நிக்கமாட்டார், துக்ரிக் (அந்த ஊர் பணம்) நோட்டா கையில வேணும்.

மச்சினனுக்கு ஜீப்ல சீட்டு குடுக்கலாம், தாராளமா. அவர் பங்கு உங்க அக்கவுண்டுல விழுந்தப்புறம் அவர் டிக்கெட்டப் போடுங்க. சங்கடமா இருந்தா நான் சொன்னேன்னு சொல்லிருங்க.