தேசிங்கு கட்டாத கோட்டை

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் குடும்பத்தோடு செஞ்சிக்குப் போயிருந்தோம். "தேசிங்கு ராஜன் கட்டிய கோட்டை" என்றார் ஆட்டோக்காரர். சிங்கவரம் கோயிலில், போருக்கு உத்தரவு கேட்டு வந்த தேசிங்கைப் பார்த்து ரங்கநாதர் 'போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொன்னார்கள். இதில் எது உண்மை? எல்லாமே கட்டுக்கதைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோட்டை கட்ட தேசிங்குக்கு ஏது நேரம்? அப்பா சொரூப்சிங் இறந்தபின் 1714 தொடக்கத்தில் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் களத்தில் விழுந்தார். பத்து மாதம்கூட நிரம்பாத ஆட்சி. வயது இருபதுகளின் தொடக்கம்.

1200 வாக்கில் ஆடு மேய்த்த ஆனந்தக்கோனுக்கு மலையில் புதையல் கிடைத்து, அதைக் கொண்டு ராஜகிரியில் முதல் கோட்டை எழுந்தது என்பது ஊர் வழக்கு. நீங்கள் பார்த்த கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் பெரும்பாலும் நாயக்கர் காலத்து வேலை. அப்புறம் பீஜப்பூர்க்காரர்கள். 1677இல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயப் படை ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டு, 1698இல்தான் உள்ளே நுழைந்தது. அத்தனை பெரிய முற்றுகை வழிகாட்டிகள் வாயில் வருவதேயில்லை. பத்து மாத ராஜாதான் வருகிறார். காரணம் பாட்டு. தேசிங்கு ராஜன் கதை தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் ஊர் ஊராகப் போனது.

அந்தப் பாட்டை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. சண்டை நடந்தது நிஜம். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட கப்பப் பாக்கிதான் காரணம். பாதுஷா அப்பாவுக்குக் கொடுத்த பட்டயம் இருக்கிறது, நவாபுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்பது தேசிங்கின் கட்சி. சில நூறு குதிரை வீரர்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் மேல் பாய்ந்தால் முடிவு என்னவாகும்? உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகவே ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டை என்ற பெயர் வந்தது என்பார்கள். வென்ற நவாபு எழுப்பிய பள்ளிவாசல் கோட்டைக்குள்ளேயே நிற்கிறது.

பாராசாரிக் குதிரையை அடக்கி அப்பாவைச் சிறை மீட்டதெல்லாம் பாட்டின் வளர்ப்பு. நண்பன் மகபத்கான், பாட்டில் மோவுத்துக்காரன், கல்யாணக் கோலத்தோடு எழுந்து நீலவேணிக் குதிரையில் போருக்கு வந்த இடம்தான் எனக்கு அதன் உச்சம். ராஜபுத்திரனையும் முஸ்லிமையும் ஒரே சாவில் சேர்த்துவைத்து அழுத கதை இது.

இப்போது சிங்கவரம். இம்மாதிரிக் கதைகளுக்கு ஒரு கேள்வி போதும்: கதைக்கு ஆதாரமாகக் காட்டும் பொருள், கதை நடந்ததற்கு முன்பே அங்கே இருந்ததா? சிங்கவரம் பல்லவர் காலக் குடைவரை. ரங்கநாதரும் அதே பாறையில் செதுக்கிய திருமேனி. ஆக, அந்த முகம் தேசிங்குக்குக் குறைந்தது எண்ணூறு வருஷம் முன்பே அப்படித்தான் இருந்தது. முகத்தைப் பார்த்து மனிதர்கள் காரணம் தேடினார்கள். தோற்ற ராஜா கைக்கு அகப்பட்டார்.

ராஜகிரி உச்சியை ஒட்டிய பிளவையும் மரப் பாலத்தையும் நின்று பார்த்தீர்களா? சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் தொட முடியாது. அடுத்த முறை வெயில் ஏறுமுன் ராஜகிரியை முடித்துவிடுங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும், தின்பண்டப் பையைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள்.

இன்னொன்று. வேங்கடரமணர் கோயிலில் தூண்கள் குறைவதாகத் தோன்றினால் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போங்கள். 1750இல் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.