ஹவுராவில் இறங்கி சியால்தாவில் ஏறும் குடும்பத்துக்குக் கொல்கத்தாவில் ஒரு பகல்

புரியிலிருந்து இரவு ரயிலில் கிளம்பி விடியற்காலை ஹவுரா சேருகிறீர்கள். அன்று இரவே சியால்தாவில் டார்ஜிலிங் மெயில். உடன் எழுபது வயதைத் தொட்ட பெற்றோர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர். இடையில் கிடைக்கும் ஒரு பகலில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் கேள்வி.

வேலை நிமித்தமாக அந்த ஊரில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் நான். சொந்தக்காரர்கள் காசி, கயா, டார்ஜிலிங் என்று எங்கே கிளம்பினாலும் வழியில் ஒரு பகல் எங்கள் வீட்டில் தலைகாட்டாமல் போக மாட்டார்கள். அப்படி வந்தவர்களை அழைத்துக்கொண்டு அலைந்த பழக்கத்தில் சொல்கிறேன்: கொல்கத்தாவில் ஒரு பகல் மட்டுமே கையில் இருந்தால் ஆற்றைப் பாருங்கள், கூடவே ஒரே ஒரு கட்டடத்தைப் பாருங்கள். பத்து இடங்களின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் டாக்ஸியின் பின்சீட்டைத்தான் பார்ப்பீர்கள்.

இடங்களைப் பற்றிப் பேசும் முன் பெட்டிகளை ஒழித்துக்கட்ட வேண்டும். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா நிலையம். கிழக்கே, ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி சியால்தா. எல்லோரும் ஹவுராவிலேயே பைகளை வைத்துவிட்டுச் சுற்றப் போவார்கள். சாயங்காலம் அவற்றை எடுக்க மறுபடியும் ஆற்றைத் தாண்டி, படா பஜார் நெரிசலில் மாட்டி, ரயில் போய்விடுமோ என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் அந்த வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கியதும் நிலையத்துக்கு வெளியே உள்ள ப்ரீபெய்ட் வரிசையில் டாக்ஸி எடுத்து, மூட்டை முடிச்சோடு நேரே சியால்தா போய்விடுங்கள். விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும். இருபது நிமிடம் போதும். அதே தூரத்துக்குப் பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

சியால்தாவிலும் க்ளோக் ரூம் இருக்கிறது. பைகளில் பூட்டு தொங்க வேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். துணிப்பையாக இருந்தாலும் ஜிப்பில் ஒரு சின்னப் பூட்டு மாட்டிவிடுங்கள். டிக்கெட், அடையாள அட்டை இரண்டும் கேட்பார்கள். பெற்றோர் குளித்துக் கொஞ்சம் முதுகைச் சாய்க்க வேண்டுமென்றால் நிலையத்து ஓய்வறை கிடைக்கிறதா என்று ஐஆர்சிடிசி தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். அன்று காலை போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கை வீசி நடக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்களா? இனி ஊர் உங்களுடையது. சியால்தாவிலிருந்து மெட்ரோவில் ஏறி, வந்த வழியே ஹவுராவுக்குப் போங்கள். இது என்ன வேண்டாத வேலை என்று தோன்றும். ஆனால் பிள்ளைகளுக்காக இதைச் செய்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ரயில் ஆற்றுக்கு அடியில் போகிறது. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984ல் ஓடியது இந்த ஊரில்தான். எஸ்பிளனேடிலிருந்து ஆற்றுக்கடியில் ஹவுரா போகும் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. எஸ்பிளனேடையும் சியால்தாவையும் இணைக்கும் துண்டு 2025 ஆகஸ்டில்தான் சேர்ந்தது. பழைய பயணக் குறிப்புகளில் இது இருக்காது. மொத்தப் பயணமே பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதில் ஆற்றுக்கு நேர் கீழே ஓடுவது ஏறக்குறைய 520 மீட்டர், முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் எரியும். முன்பே சொல்லி ஜன்னல் ஓரமாக நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் "எப்போது மாமா ஆறு வரும்?" என்று ஹவுரா வந்த பிறகு கேட்பார்கள். என் அக்கா மகன் அப்படித்தான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமையில் மெட்ரோ காலையில் தாமதமாகவே தொடங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹவுராவில் மேலே ஏறி வந்தால் ஆறும் பாலமும் கண்முன்னே நிற்கும். இங்கே குடும்பம் இரண்டாகப் பிரியலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நிலையத்துக்கு எதிரே உள்ள படித்துறையில், அக்கரையில் இருக்கும் பாபுகாட் படித்துறைக்குப் போகும் படகில் ஏறட்டும். டிக்கெட் சில ரூபாய்தான். ஆற்றின் நடுவிலிருந்து பாலத்தை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நடக்க முடிந்தவர்கள் பாலத்தின் மேல் நடந்து அக்கரை போகட்டும்.

பாலத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. 1943ல், போர் நடந்துகொண்டிருந்தபோது திறந்தது. சுமார் 26,500 டன் எஃகு, பெரும்பகுதி டாடா ஆலையிலிருந்து வந்தது. அத்தனை எஃகையும் சேர்த்துப் பிடித்திருப்பவை ரிவெட்டுகள்தான். நட்டு, போல்ட் கிடையாது. ஆற்றுக்கு நடுவே தூணும் இல்லை. இந்த இரும்பு மலைக்கு ஒரு காலத்தில் ஆபத்தாக வந்தது எது தெரியுமா? வெற்றிலை எச்சில். போகிற வருகிறவர்கள் துப்பித் துப்பித் தொங்குகம்பிகளின் அடிப்பாகம் அரித்துப்போய், அவற்றுக்கு ஃபைபர் கிளாஸ் உறை போட வேண்டியதாகிவிட்டது. நடக்கும்போது குனிந்து பாருங்கள். ஓரமாக நடங்கள், தலையில் கூடை சுமந்து வருகிறவர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள்.

பாலத்தின் கிழக்கு முனையில் படியிறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. நான் அடித்துச் சொல்லிப் பரிந்துரைக்கும் ஒரே இடம் இதுதான். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் வியாபாரம் மும்முரமாக இருக்கும். ஆரஞ்சு நிறமும் மஞ்சளுமாகச் செண்டுமல்லி மாலைகளைக் கட்டுக்கட்டாகத் தோளில் சுமந்துகொண்டு போவார்கள். காளிக்குச் சாத்தச் செம்பருத்தி மாலை தனி மூலையில். தரை முழுக்கச் சேறும் அழுகிய இதழும், செருப்பு வழுக்கும். என் அம்மாவை அழைத்துப் போனபோது அவருக்குக் கூட்டமும் சேறும் கண்ணில் படவில்லை. ஒரு பெண்மணி எதிரில் போய்க் குந்திக்கொண்டார். அந்தப் பெண்மணி நீள ஊசியில் பூக்களை ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்றி, கை நிறைந்ததும் நூலில் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "கட்டவே மாட்டார்களா? எல்லாம் கோர்ப்பதுதானா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். பிறகு தானே நாலு சம்பங்கியை எடுத்து, நூலைக் கால் கட்டை விரலில் மாட்டி, இரண்டு இரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்மணி வாங்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அங்கிருந்து அம்மாவைக் கிளப்புவதற்குள் படகில் போன அப்பாவும் அத்தானும் பாபுகாட்டிலிருந்து மாறி மாறி போன் செய்துவிட்டார்கள்.

பாபுகாட்டில் ஒன்றுசேர்ந்த பிறகு ஒரு டாக்ஸி பிடித்தால் விக்டோரியா நினைவகம். நான் சொன்ன அந்த ஒரு கட்டடம் இது. இந்திய அருங்காட்சியகமும் அருமையானதுதான். 1814ல் தொடங்கியது, எகிப்திய மம்மி இருக்கிறது, பர்ஹுத் என்னும் பழைய பௌத்த ஸ்தூபியின் சிற்ப வேலி இருக்கிறது. ஆனால் முதியவர்களோடு அரை நாளில் பார்த்து முடிகிற இடம் அல்ல. விக்டோரியாவில் உள்ளே பார்த்துக் களைத்தவர்கள் வெளியே தோட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம், அதனால்தான் என் ஓட்டு அதற்கு. 1906ல் அடிக்கல் நாட்டி 1921ல் திறந்தார்கள். ராஜஸ்தானத்து மக்ரானா பளிங்கு. மகாராணி பேருக்குக் கட்டினாலும் பணம் சமஸ்தான மன்னர்களும் இங்குள்ளவர்களும் கொடுத்ததுதான். உள்ளே டேனியல்கள் என்னும் ஆங்கிலேய ஓவியர்கள் வரைந்த ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792ல் மதுரை, ராமேஸ்வரம் வரை வந்து நம் ஊர்களையும் வரைந்தவர்கள். அவர்களுடைய ஓவியங்களின் பெரிய தொகுப்பு இங்கேதான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். புரியில் சில நாள், ரயிலில் ஓர் இரவு. ரசம் இருந்தால் போதும் என்பார்கள். விக்டோரியாவுக்கு அருகே உள்ள ரவீந்திர சதன் நிலையத்தில் மெட்ரோ ஏறி, மூன்றாவது நிறுத்தமான காளிகாட்டில் இறங்குங்கள். அங்கிருந்து கிட்டத்தில் லேக் மார்க்கெட். தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. இட்லி, சாப்பாடு, டிகிரி காபி எல்லாம் கிடைக்கும். காய்கறிக் கடையில் முருங்கைக்காயையும் வாழைப்பூவையும் பார்த்து மாமியார்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அதே நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் காளி கோயிலும். ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். பண்டாக்கள் என்னும் கோயில் பூசாரிகளின் பிடுங்கல் வேறு. இந்த ஒரு நாளில் அதைச் சேர்க்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அம்மா கேட்கவே மாட்டார் என்றால் திரும்பி வரும் வழியில் ஒரு காலைப் பொழுதை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இனிப்பு. மண் சட்டியில் உறைந்த மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிர் கட்டாயம். குளிர்காலமாக இருந்தால் ஈச்சம்பதநீரைக் காய்ச்சிய வெல்லத்தில் செய்த சந்தேஷ். ரசகுல்லாவும் வாங்குங்கள், ஆனால் புரியில் சாப்பிட்டதோடு ஒப்பிட்டுக் கடைக்காரரிடம் பேசிவிடாதீர்கள். வங்கத்துக்கு 2017லும் ஒடிசாவுக்கு 2019லும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கொடுத்தும் சண்டை தீரவில்லை. உங்கள் அப்பா நியாயம் பேசுகிறவராக இருந்தால் ரயில் தவறிவிடும்.

சாயங்காலம் ஒன்றும் செய்யாதீர்கள். காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் எஸ்பிளனேட் வந்து, அங்கே மாறினால் சியால்தா. எஸ்பிளனேடில் டிராம் கண்ணில் பட்டால் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போங்கள். 1873ல் குதிரை இழுத்துத் தொடங்கிய வண்டி. ஒரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக 2024ல் மாநில அரசு அறிவித்துவிட்டது. வீட்டில் புத்தகப் பைத்தியம் யாராவது இருந்தால் அவரை மட்டும் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு அனுப்புங்கள், சியால்தாவிலிருந்து நடக்கிற தூரம்தான். மற்றவர்கள் கால் நீட்டி உட்காரட்டும். மறுநாள் மலை ஏற வேண்டும்.

இரண்டு விஷயம் பாக்கி. நீங்கள் போவது ஏப்ரல், மே என்றால் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்துக் கால்பைசாகி என்னும் புயல் அடிக்கும். படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து, என்ன கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. திங்கட்கிழமையாக இருந்தால் விக்டோரியாவின் உட்பகுதியும் அருங்காட்சியகமும் விடுமுறை. அப்படியானால் பூச்சந்தையை முடித்த கையோடு மெட்ரோவில் தட்சிணேஸ்வரம் போய்விடுங்கள். ராணி ராஷ்மோனி கட்டி 1855ல் குடமுழுக்கு நடந்த காளி கோயில், ராமகிருஷ்ணர் தங்கியிருந்த அறை, ஆற்றை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் சன்னதிகள். அங்கேயும் மதியம் நடை அடைப்பார்கள், பதினொரு மணிக்குள் உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிழமையைச் சொன்னால் நேரத்தைக் கணக்குப் போட்டு இந்தப் பதிலிலேயே சேர்த்துவிடுகிறேன்.