சோற்றுக்குப் பணம் வருகிறது, நர்ஸ் சம்பளத்துக்கு வருவதில்லை

தெருவில் கிடந்தவர்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களில் முதலில் கணக்கெழுத்து, பிறகு களப்பணி என்று வேலை பார்த்து வருகிறேன். கேரள-தமிழ்நாடு எல்லையில் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவும் பொள்ளாச்சிப் பக்கமும் என் வட்டாரம். இந்த வேலைக்கு நன்கொடை எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் அப்பா திதிக்கு வருஷா வருஷம் ஒரு ஹோமுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பேன். இந்தத் தடவை போன் பண்ணினால், "அந்தத் தேதிக்கு வேறொருத்தர் சொல்லிவிட்டார், நீங்கள் நர்ஸ் சம்பளத்துக்குக் கொடுங்களேன்" என்கிறார்கள். சாப்பாடு போட்டால் புண்ணியம். சம்பளம் போட்டால் என்ன கணக்கு? — மாங்காய் மண்டிக்காரர், முதலமடை

பதில்: அண்ணா, அவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். காப்பகத்துச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். ஓணம், விஷு, தீபாவளி, அமாவாசை, பிறந்தநாள், திதி என்று சாப்பாட்டுக்குப் பெயர் எழுதியிருப்பார்கள். சில நாள் இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் பாயசத்தோடு வந்து நிற்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாடு திண்டாட்டம். நர்ஸுக்கு என்று அந்தக் காலண்டரில் ஒரு தேதியும் இருக்காது.

தெருவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் சடை பிடித்த முடி, பேன், சொறி, பல சமயம் காலில் புழு வைத்த புண். குளிப்பாட்டி முடி வெட்டுவது ஒரு நாள் வேலை. புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். காசநோய் இருந்தால் மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, ஆனால் ஆறு மாதம் விடாமல் விழுங்க வைக்க ஆள் வேண்டும். மனநோய் மாத்திரையும் அப்படித்தான். மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை கிடைத்துவிடும். அதை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துப் பின்னால் போய்த் துப்புகிறவரைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். நாள்பட்ட குடிகாரர் திடீரென்று குடியை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், பிதற்றல், வலிப்பு என்று வந்து உயிரே போகலாம். ராத்திரியில் அதை அடையாளம் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சமையல்காரரால் அது ஆகாது. இந்தத் தனிக் கவனிப்பு இல்லாத காப்பகம் வெறும் சத்திரம்தான்.

திதிக்குச் சாப்பாடு போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? அதோடு, மாதா மாதம் ஒரு சிறு தொகையை ஒரு வருஷத்துக்கு, சம்பளத்துக்கு என்று எழுதியே கொடுங்கள். மொத்தமாக வரும் பணத்தில் ஃபேனும் பீரோவும் வாங்குவார்கள். மாதம் தவறாமல் வருவதை நம்பித்தான் ஒருவரை வேலைக்கு எடுக்க முடியும்.

கேள்வி: அரசாங்கமே தங்குமிடம் கட்டித் தருகிறதே, அப்புறம் எதற்கு நன்கொடை? — கல்லூரி மாணவர், பாலக்காடு

பதில்: நல்ல கேள்வி தம்பி. உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கே வந்தது. 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்கள் அதை விரித்து எழுதின: ஒரு தங்குமிடத்தில் 50 முதல் 100 பேர், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, வருஷம் முழுக்க, 24 மணி நேரமும்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டத்தின் பெயரிலேயே நகர்ப்புறம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் நகரத்தில் இருந்தவர்கள் 9.4 லட்சம்தான். மிச்சம் 8 லட்சத்துக்கு மேல் கிராமப்புறம். நம் எல்லையை எடுத்துக்கொள். சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி. கொழிஞ்சாம்பாறை, முதலமடை எல்லாம் பஞ்சாயத்து. லாரியிலோ பஸ்ஸிலோ வந்து செக்போஸ்ட் ஓரத்தில் இறங்கிவிடுகிறவர், இது எந்த வகை உள்ளாட்சி என்று பார்த்தா இறங்குகிறார்?

இன்னொன்று, அந்தத் தங்குமிடம் கூலி வேலைக்கு வந்து தங்க இடமில்லாதவருக்குச் சரியாக இருக்கும். படுக்கை, கழிப்பறை, காவலாள் போதும். தன் பெயரே நினைவில்லாதவரை அங்கே விட்டால் மறுநாள் காலையில் எழுந்து நடந்து போய்விடுவார். அரசாங்கப் பணம் கட்டில்வரை வருகிறது. கட்டிலில் படுத்திருப்பவரிடம் உட்கார்ந்து பேசுகிற ஆளுக்குத்தான் நன்கொடை தேவைப்படுகிறது.

கேள்வி: எங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருத்தர் சில நாளாகச் சுற்றுகிறார். தெலுங்கு மாதிரி ஏதோ பேசுகிறார், தனக்குத்தானே சிரிக்கிறார். யாரிடம் சொல்வது? ஊருக்கு அனுப்பி வைக்க எவ்வளவு ஆகும்? நாங்கள் நாலு பேர் போட்டுத் தருகிறோம். — ஆட்டோ ஓட்டுநர், வாளையார்

பதில்: முதலில் போலீஸ் ஸ்டேஷன், அண்ணா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மனநலம் பாதித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றுகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் வேலை. "எங்கள் எல்லையில் இல்லை" என்று சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். எப்படிப் பேசுவது என்று குழப்பமாக இருந்தால் 14416-க்கு அடித்துக் கேட்கலாம், டெலிமானஸ் மனநல உதவி எண் அது.

அவரை ஏதாவது வண்டியில் ஏற்றிச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் யோசிக்கிறார். நடுவில் ஒரு மனுஷன் பந்தாடப்படுகிறார்.

ஊருக்கு அனுப்பும் செலவு என்றால் டிக்கெட்டை மட்டும் நினைக்கிறீர்கள். அவர் தெளிந்து தன் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கே பல வாரம் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். சொல்வதும் ஊர்ப் பெயராக இருக்காது. ஒரு கோயில், ஒரு ஏரி, பஸ் நிற்கும் ஒரு முக்கு. அதை வைத்து அந்த மொழி தெரிந்தவர் போன் மேல் போன் போட்டுத் தேட வேண்டும். ஆதார் பதியப்போனால் சில சமயம் "ஏற்கனவே இருக்கிறது" என்று கைரேகையே ஊரைக் காட்டிக்கொடுக்கும். கிடைத்த பிறகு துணைக்கு இரண்டு பேர் போக வேண்டும், பெண் என்றால் கண்டிப்பாக ஒரு பெண் ஊழியர். கையில் சில மாத மருந்து, அந்த ஊரில் தொடர்ந்து மருந்து வாங்க ஓர் ஏற்பாடு. இது இல்லாமல் விட்டுவிட்டு வந்தால் மாத்திரை நிற்கும், ஆளும் மறுபடி தெருவுக்கு வந்துவிடுவார். மகாராஷ்டிராவின் கர்ஜத்தில் டாக்டர் பரத் வாட்வானியின் சிரத்தா அமைப்பு இதையே முழு வேலையாகச் செய்கிறது. 2018-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தது இதற்காகத்தான். நீங்கள் நாலு பேர் போடும் பணத்தை அந்த மாதிரிப் பயணச் செலவுக்கு என்று கொடுங்கள், தாராளமாகப் பயன்படும்.

கேள்வி: எங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் (சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணத்தில் ஒரு காப்பகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித்தர நிர்வாகம் நினைக்கிறது. சம்பளம் கொடுத்தால் நிர்வாகச் செலவு என்று ஆடிட்டர் தள்ளிவிடுவார் என்கிறார்கள். உண்மையா? — மனிதவள அதிகாரி, கஞ்சிக்கோடு

பதில்: இல்லை சார். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு இருக்கிறதே, அது உங்கள் கம்பெனி சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் பொதுச் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. காப்பகத்து மனநல நர்ஸும் சமூகப்பணியாளரும் திட்டத்தின் உடம்பே. ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக்கொள்ளுங்கள். தொடர் திட்டம் என்று எடுத்தால் தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் 3 ஆண்டுவரை நடத்தலாம். காப்பகத்தை நடத்தும் டிரஸ்ட், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தைப் பதிந்ததா என்று மட்டும் பாருங்கள், 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

கட்டடத்தின் மேல் உங்கள் நிர்வாகத்துக்கு ஏன் ஆசை என்று எனக்குத் தெரியும்: கல்வெட்டு வைக்கலாம், எம்.டி.யைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டலாம். நர்ஸின் நெற்றியிலா கம்பெனி பெயரை ஒட்ட முடியும்? ஆனால் கட்டடம் வந்ததும் கரண்ட் பில், பெயின்ட், ரிப்பேர் என்று காப்பகத்தின் தலையில் புதுச் செலவு ஏறுகிறது. மேல் மாடி கட்டி, ஆள் போட முடியாமல் பூட்டி வைத்திருக்கும் இடங்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. கட்டியே ஆக வேண்டும் என்றால் அதில் வேலை செய்பவர்களின் 3 வருஷச் சம்பளத்தையும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: என் மச்சான் துபாயில். அவன் நேராக ஹோம் அக்கவுண்டுக்கு அனுப்பலாமா? — கோவிந்தாபுரம்

பதில்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், பூர்வீகம் கொழிஞ்சாம்பாறையே ஆனாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்புக்குத்தான் கொடுக்க முடியும். அந்தப் பணமும் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய டிரஸ்ட் வழியாக வந்துகொண்டிருந்த பணம் எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு நின்றுபோனது அதனால்தான்.

கேள்வி: நான் லாட்டரிக் கடை வைத்திருக்கிறேன். லாட்டரிப் பணம் இந்த மாதிரி நல்ல காரியத்துக்குப் போகிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா? — வேலந்தாவளம்

பதில்: தமிழ்நாடு 2003-ல் தடை போட்டதால் உங்கள் கடைக்கு நல்ல ஓட்டம், இல்லையா? கேரளம் 1967-லேயே லாட்டரித் துறை வைத்தது. 2011-ல் வந்த காருண்யா டிக்கெட்டின் லாபம் ஏழை நோயாளிகளின் பெரிய சிகிச்சைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தெருவில் இருப்பவர்களுக்கென்று தனியாக இல்லை. (லாட்டரியில் எல்லாவற்றையும் விட்டுத் தெருவுக்கு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இங்கிலாந்தில் லாட்டரிப் பணம் நேராகவே போனது. 2014-லிருந்து 8 ஆண்டுக்கு, 12 பகுதிகளில், 11.2 கோடி பவுண்டு. திட்டத்தின் பெயர் ஃபுல்ஃபில்லிங் லைவ்ஸ். வீடில்லை, போதைப் பழக்கம், மனநோய், ஜெயிலுக்குப் போய்வருவது எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அவருக்கானது. போதை சிகிச்சைக்குப் போனால் "முதலில் மனநோயைச் சரிசெய்துகொண்டு வா" என்பார்கள், அங்கே போனால் "முதலில் போதையை விடு" என்பார்கள். இங்கும் அதே கதைதான். அதனால் அந்தப் பணத்தில், ஒருவரோடு கூடவே ஒவ்வொரு கதவுக்கும் போய் நிற்கும் ஊழியர்களை வைத்தார்கள்.

பின்லாந்தில் சூதாட்ட மெஷின் வருமானத்தின் உதவியோடு, 1985-ல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை சாதாரணக் குடியிருப்புகளில் வீடுகளை வாங்கி வீடற்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. நம் பக்கம் 1993-ல் சென்னையில் தொடங்கிய பேனியன் அமைப்பும் அதே யோசனையை நன்கொடையில் செய்து பார்த்தது. ஆஸ்பத்திரியிலேயே வருஷக்கணக்காக இருந்துவிட்டவர்களுக்குச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு, சிலர் சேர்ந்து குடியிருப்பு, உதவிக்கு ஓர் ஊழியர். இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வீடற்ற மனநோயாளிகளுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. நன்கொடைப் பணத்தில் முதலில் செய்து காட்டியதை அரசாங்கம் பின்னால் கையில் எடுத்துக்கொள்ளும். புது விஷயத்தைச் செய்து பார்க்க அரசு கஜானாவில் லேசில் கையெழுத்தாகாது.

கேள்வி: நல்ல ஹோம், மோசடி ஹோம், எப்படிக் கண்டுபிடிப்பது? — ஆசிரியை, பொள்ளாச்சி

பதில்: கேரளப் பக்கம் என்றால் ஓர்ஃபனேஜ் கண்ட்ரோல் போர்டு அங்கீகாரம் கேளுங்கள் டீச்சர். மனநோயாளிகளை வைத்துச் சிகிச்சை தந்தால் மாநில மனநல ஆணையப் பதிவும் வேண்டும். காகிதம் சரியாக வைத்திருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை என்பதால் இதோடு விடாதீர்கள். வந்தவர்கள், வீடு திரும்பியவர்கள், இறந்தவர்கள் ரிஜிஸ்டர் உண்டா என்று கேளுங்கள். பல வருஷமாக ஒருவர்கூட வீடு திரும்பவில்லை என்றால் அங்கே தேடுகிற ஆளே இல்லை என்று அர்த்தம். மாத்திரை கொடுப்பது யார், டாக்டர் எப்போது வருவார் என்று வார்டனிடம் கேட்காமல் உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள்.

முகத்தை வீடியோ எடுத்துப் போட்டுப் பணம் கேட்கும் இடத்துக்கு நான் ஒரு ரூபாய் தரமாட்டேன். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தருவதைச் சட்டமே தடுக்கிறது. சங்கிலியைப் பார்த்தால் பேச்சே வேண்டாம், புகார் கொடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் கட்டிப்போட்டபடியே 28 பேர் தீயில் போனார்கள்.

கேள்வி: வரிவிலக்கு ரசீது வேண்டும் என்றால்? — பலர்

பதில்: 80ஜி பதிவு உள்ள இடமாகப் பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. ஜிபேயோ செக்கோ போதும். புதிய வரி முறையைத் தேர்ந்திருந்தால் 80ஜி கழிவே இல்லை.

கேள்வி: பணம் முடியாது அக்கா. பழைய துணி கொடுக்கலாமா? — தையல்காரர், கொழிஞ்சாம்பாறை

பதில்: லுங்கி, நைட்டி என்றால் கொண்டு வாருங்கள். உள்ளாடை புதுசாக மட்டும். பெரியவர்களுக்கான டயப்பர், நகவெட்டி, பேன் மருந்து எப்போதும் பற்றாக்குறை. பட்டுச் சேலை வேண்டவே வேண்டாம், ஏற்கனவே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தையல் மெஷினோடு மாதம் ஒரு நாள் வர முடியுமென்றால் சொல்லுங்கள், கிழிந்த நைட்டி நிறைய இருக்கிறது.