வயர் போனும் விண்கலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொலைக்காட்சியில் வந்த அறிவியல் புனைவுகளில் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வுக்கு முதல் வரிசையில் இடம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நம்பி உட்கார்ந்தேன். நான் ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்தவன். இங்கே ஒளியைவிட வேகமாகத் தாவும் கப்பலில் தளபதி சுருள் வயர் போனை எடுத்துப் பேசுகிறார். லேசர் இல்லை, கேடயம் இல்லை, தோட்டாவும் அணுகுண்டும்தான். எதையும் காகிதத்தில் அடித்துக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். போதாக்குறைக்கு வேற்றுகிரகவாசி என்று ஒருவர்கூடக் கிடையாது. எதிரிகள் கோட்டு சூட்டு போட்டு நம்மைப் போலவே நடமாடுகிறார்கள். கையில் காசில்லாமல் ஒப்பேற்றியதைத்தான் நீங்கள் கலை என்கிறீர்களோ என்று சந்தேகம். தவறாக எண்ண வேண்டாம்.

முகிலன்

அன்புள்ள முகிலன்,

தவறாக எண்ணவில்லை. அந்த போன் முதலில் எனக்கும் உறுத்தியது. (முடிவுவரை தொட்டுப் பேசப்போகிறேன். தொடரைப் பார்க்காதவர்கள் இத்தோடு எழுந்துபோய்விடலாம்.)

காசில்லாமல் பிறந்தது என்றால் அது உங்கள் ஸ்டார் ட்ரெக்கின் டிரான்ஸ்போர்ட்டர்தான். வாராவாரம் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால் ஆளையே மினுங்கவைத்து இறக்கினார்கள். குறையாகச் சொல்லவில்லை, பிரமாதமான யோசனை. ஆனால் கலாக்டிகாவின் வயர் போன் அந்த ரகம் இல்லை. அதைப் பிடுங்கினால் கதையே விழுந்துவிடும்.

2003 குறுந்தொடரின் ஆரம்பத்தை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். இயந்திர எதிரிகளான சைலான்களோடு நடந்த போர் ஓய்ந்து 40 வருடம் ஆகிவிட்டது. கலாக்டிகா என்ற போர்க்கப்பலுக்கு ஓய்வு கொடுத்து அருங்காட்சியகமாக மாற்றுகிறார்கள். மக்கள் தொடர்பு அதிகாரி ஒருவர் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வயர் போன், கையால் திருகும் வால்வு, கம்ப்யூட்டர் என்று சொல்லவே கூசும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காட்டுகிறார். எதிரி நம் கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே புகுந்துவிடுவான் என்ற பயத்தில் அன்று பின்னோக்கிப் போனோம் என்று விளக்கமும் சொல்கிறார். அந்த வழிகாட்டியே ஒரு சைலான் என்பது பிறகுதான் தெரிகிறது.

அதே கப்பலில் கல்வி அமைச்சர் ரோஸ்லின் ஒரு கோரிக்கை வைக்கிறார். அருங்காட்சியகம் ஆகப்போகிறதே, கம்ப்யூட்டர்களை இணைத்து நெட்வொர்க் போட்டால் ஆசிரியர்களுக்கு வசதியாக இருக்குமே என்கிறார். ஞாயமான கோரிக்கைதான். தளபதி அடாமா முடியாது என்கிறார். வேகமான கம்ப்யூட்டருக்கு ஆசைப்பட்டதால் இந்தக் கப்பலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியுமா என்பது அவர் கட்சி. பார்க்கிற நமக்குக் கிழவர் அடம்பிடிப்பதாகத்தான் படும். கொஞ்ச நேரத்தில் தாக்குதல் தொடங்குகிறது. விஞ்ஞானி பால்டர் எழுதிக்கொடுத்த வழிகாட்டு மென்பொருளில் சைலான்கள் முன்பே கள்ளவாசல் வைத்துவிட்டார்கள். வைப்பர் என்ற போர் விமானங்களில் புத்தம்புது மார்க் 7 எல்லாம் விளக்கணைந்து அப்படியே மிதக்கின்றன, விமானிகள் ஒரு குண்டுகூடச் சுடாமல் சாகிறார்கள். கடைசியில் பறப்பது காட்சிக்கு நிறுத்திவைத்திருந்த பழைய மார்க் 2தான். ரோஸ்லினோ, தமக்கு மேலே இருந்த 42 பேரும் இறந்துபோனதால் ஜனாதிபதியாகிறார்.

இரண்டாம் சீசனில், தப்பித்துக் கூடவே வந்த மற்ற கப்பல்கள் எங்கே போயின என்று தெரியாமல் தவிக்கும்போது, கணக்குப் போடுவதற்காகக் கொஞ்ச நேரம் மட்டும் கம்ப்யூட்டர்களை இணைக்கிறார்கள். தடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடைவதைத் திரையில் பார்த்துக்கொண்டே விடைக்குக் காத்திருக்கிறார்கள். வெளியே வெடிக்கும் எந்த அணுகுண்டும் எனக்கு அந்தப் பயத்தைத் தரவில்லை.

கற்பனைதானே என்பீர்கள். அமெரிக்க விமானப்படை அணு ஆயுத ஆணைகளை அனுப்பும் அமைப்பில் 2019 வரை 8 அங்குல ஃப்ளாப்பி வைத்திருந்தது. வெளியே எதோடும் இணையாத பழசு என்பதுதான் அதற்குச் சாதகமாகச் சொல்லப்பட்ட காரணம்.

இனி வேற்றுகிரகவாசி. 1978இல் வந்த மூலத் தொடரில் சைலான்களை உண்டாக்கியது பல்லி போன்ற ஓர் அன்னிய இனம். புதிதாக எடுத்த ரொனால்ட் மூர் பல்லியைத் தூக்கிவிட்டு, மனிதர்களே செய்த வேலைக்கார இயந்திரங்கள் என்று மாற்றினார். உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அன்னியம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது சைலான்களின் போர் விமானமான ரெய்டருக்குள் இருக்கிறது. கலாக்டிகாவின் விமானி ஸ்டார்பக், மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்க, ஒரு நிலவில் விழுந்துகிடக்கிறாள். பக்கத்தில் சுடப்பட்டு விழுந்த எதிரி ரெய்டர். விமானி இருக்கை எங்கே என்று தேடிப் பிளந்தால் இருக்கையே இல்லை, உள்ளே கொழகொழவென்று சதை. அந்த விமானமே ஒரு பிராணி! நாற்றத்தைச் சகித்துக்கொண்டு உள்ளே படுத்து, எந்தத் தசைநாரை இழுத்தால் எது அசைகிறது என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாள். வயிற்றைக் கிழித்த மாட்டுக்குள் புகுந்து அதை நடக்கவைப்பது போல. பிறகு அதையே ஓட்டிக்கொண்டு திரும்புகிறாள். நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாதே என்று இறக்கையின் அடியில் தன் பெயரை ஒட்டிக்கொண்டு வருகிறாள். ரப்பர் முகமூடி போட்ட நூறு வேற்றுகிரகவாசிகளைக் கொண்டுவந்தாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது.

மூர் முன்பு ஸ்டார் ட்ரெக்கில் எழுதியவர். அந்த வரிசையில் வந்த ‘வாயேஜர்’ தொடரின் கப்பல் ஒரு வாரம் அடிபட்டால் அடுத்த வாரம் துடைத்த பாத்திரம் மாதிரி வந்து நிற்பது அவருக்கு ஆகாது. கலாக்டிகாவில் பட்ட அடி போகாது. நியூ கேப்ரிகா என்ற கிரகத்தின் வளிமண்டலத்துக்குள் தாவி, கல் மாதிரி கீழே விழுந்துகொண்டே வைப்பர்களை அனுப்பிவிட்டு மறுபடி தாவி மறைகிறதே, அந்தக் காட்சியில் தீய்ந்த உடம்பு கடைசிவரை தீய்ந்தே இருக்கிறது. நான்காம் சீசனில் உத்திரங்களிலேயே விரிசல். அடைக்க ஒரே வழி, சைலான்களின் உயிருள்ள பிசினை இரும்பில் பூசுவது. நெட்வொர்க்கே ஏறக் கூடாது என்ற அடாமா அதற்கு ஒத்துக்கொள்வதற்குள் படும் பாடு இருக்கிறதே! உங்களுக்கு அந்த போன்தான் உறுத்துகிறது, எனக்கு இந்தப் பிசின்தான் மறக்கவில்லை.

உங்கள் பக்கம் ஞாயம் இருக்கும் இடம் கடைசி அத்தியாயம். எல்லாக் கப்பல்களையும் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, கையில் மூட்டையோடு, குடியேறக் கிடைத்த கிரகத்தின் புல்வெளியில் இறங்கி நடக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட ‘ஆஸ்பத்திரிக் கப்பலை மட்டுமாவது விட்டுவையுங்கள்’ என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் பல்வலி வந்தால் என்ன செய்வார்கள்? நான்கு சீசன் போல்ட்டு நட்டு வரை கணக்குப் பார்த்தவர்கள் அங்கே கோட்டைவிட்டார்கள்.

வேற்றுகிரகவாசிகள்தான் வேண்டும் என்றால் ‘பாபிலோன் 5’ பாருங்கள். முகமே காட்டாமல் கவச உடைக்குள் இருக்கும் வோர்லான் தூதர் உங்களுக்குப் பிடிப்பார். நிழல்கள் என்ற இனத்தின் கரிய கப்பல்கள் கடந்துபோகும்போது அலறும். முதல் சீசனை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.