நகையை அடகு வைக்கும் முன் பழைய ஃபைலைப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 32. கணவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு என்று போன வருஷம் இக்ஸி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்தோம், நிற்கவில்லை. இப்போது விந்தணுவில் உள்ள புரதத்தைப் பரிசோதித்தால் அடுத்த முறை பலிக்குமா என்று முன்பே சொல்லிவிடலாம் என்கிறார்கள். நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும். செய்யலாமா? கணவருக்கு ராணிப்பேட்டையில் பாய்லர் பக்கத்தில் வேலை.

பதில்: அடகுக் கடைக்குப் போகும் முன் போன தடவை ஃபைலை எடுங்கள். முதிர்ந்த முட்டை எத்தனை கிடைத்தது, ஊசி போட்ட மறுநாள் எத்தனை கருவுற்றது என்று லேப் தாளில் இருக்கும். இல்லையென்றால் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

விந்தணுவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் உண்டு. உங்கள் கேள்விக்கு முக்கியமானது 2002-ல் கண்டறியப்பட்ட பிஎல்சி ஜீட்டா. விந்தணு உள்ளே போனதும் முட்டைக்குள் கால்சியத்தை அலை அலையாக எழுப்பி, கருவாக வளரச் சொல்லி முட்டையைத் தட்டி எழுப்புவது இதுதான். இக்ஸி ஊசி விந்தணுவை உள்ளே கொண்டுபோய் விடும், எழுப்பும் வேலையைச் செய்யாது. ஆகவே ஏழெட்டு நல்ல முட்டையில் ஊசி போட்டும் ஒன்றுகூடக் கருவுறவில்லை என்றால் இந்தப் புரதத்தைச் சந்தேகிக்கலாம். முட்டையிலும் கோளாறு இருக்கலாம் என்பதால்தான் சோதனைக்கு அர்த்தம் வருகிறது. குறை விந்தணுவில்தான் என்று தெரிந்தால், கால்சியம் அயனோஃபோர் என்ற மருந்தில் முட்டையைச் சிறிது நேரம் வைத்து எழுப்பிப் பார்க்க வழி உண்டு.

பாதிக்கு மேல் கருவுற்று, கருவைக் கருப்பையில் வைத்த பிறகு நிற்கவில்லையா? அப்படியானால் இந்தச் சோதனைக்குச் செலவு செய்யாதீர்கள். கருவின் குரோமோசோம், கருப்பை என்று பார்க்க வேண்டியவை வேறு. கரு நிற்கும், நிற்காது என்று அடித்துச் சொல்லும் விந்தணுப் புரதம் இன்றைக்கு எதுவும் இல்லை.

இசுமோ 1 என்ற புரதத்தையும் சிலர் சொல்வார்கள். ஜப்பானில் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ளும் கோயிலின் பெயர் அது, நமக்குத் திருமணஞ்சேரி மாதிரி. விந்தணு முட்டையோடு ஒட்டிச் சேர அது வேண்டும். இக்ஸியில் அந்தக் கட்டத்தையே ஊசி தாண்டிவிடுவதால் உங்களுக்கு அது தேவைப்படாது.

சோதனை எடுக்கச் சொன்னவரிடம், "ரிசல்ட் மோசமாக வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் பணத்தை எடுக்க வேண்டாம்.

அப்புறம், அந்த பாய்லர். விதைப்பைக்கு உடல் சூட்டை விட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வேலூர் வெயிலே போதாதென்று பாய்லர் வேறு. வேறு பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டும். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விடட்டும். இன்று உருவாகத் தொடங்கும் விந்தணு வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகு சாதாரண விந்துப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.