ஜூன் 15-க்கு ஓட வேண்டிய படகு எப்போது தண்ணீரில் இறங்க வேண்டும்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் 42 அடி மர விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி வேலை நடக்கிறது. ஜூன் 15 அதிகாலையில் கடலுக்குப் போக, எதை எப்போது முடிக்க வேண்டும்?

பதில்: கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆனால் உங்கள் கெடு ஜூன் 14 அல்ல, ஜூன் 5. அதற்குள் படகு தண்ணீரில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பலகை காய்ந்து சுருங்கிவிடும். கலப்பத்து (பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பது) எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் முதல் ஓரிரு நாள் ஊற்று, அதாவது நீர்க்கசிவு, இருக்கும். மரம் ஊறி இறுகினால் அது தானாகக் குறையும். மூன்றாவது நாளும் பம்பு அதே அளவு இறைக்கிறது என்றால் ஏதோ ஒரு மூட்டில் பஞ்சு ஏறவில்லை. இதை 13-ந் தேதி கண்டுபிடித்து என்ன செய்வீர்கள்? இறக்கும் முன்பே, அடியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பையும் பேட்டரியையும் சோதித்துவிடுங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் ஷாஃப்ட் கிளாண்டை, அதாவது விசிறித் தண்டு படகை விட்டு வெளியேறும் மூட்டை, பாருங்கள். ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வரத்தான் வேண்டும். ஒரு சொட்டும் வராதபடி முறுக்கினால் உள்ளே திணித்த பேக்கிங் கருகி, ஷாஃப்ட்டில் கோடு விழும். பிறகு எத்தனை முறை பேக்கிங் மாற்றினாலும் கசிவு நிற்காது.

இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். இரண்டு மாதம் மடங்கியபடியே கிடந்த இதழ் ஓடத் தொடங்கியதும் பிய்யும். துண்டு குளிர்விப்பானில் அடைத்து இன்ஜின் சூடேறும். பாதி காலியாகக் கிடந்த டீசல் டேங்கில் நீர் கோத்திருக்கும். அடியில் வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். மேலும் இரண்டு ஃபில்டர் படகில் இருக்கட்டும். பிறகு படகைக் கட்டியபடியே கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டி, வெப்பநிலையைக் கவனியுங்கள்.

மீன்வளத் துறை ஆய்வு தடைக்காலத்திலேயே நடக்கும். காட்டாத படகுக்கு மானிய டீசலும், கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனும் சிக்கல். பதிவுச் சான்று, உரிமம், ஆட்களின் அடையாள அட்டை, உயிர்காப்பு உடை, விஎச்எஃப் ரேடியோ எல்லாம் தயாராக இருக்கட்டும். மடியின் (இழுவலையின்) கடைசிப் பையில் கண்ணை இழுத்துப் பிடித்தால் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் மாட்டுவது புது மடி அல்ல, கிழிசலில் போட்ட சிறுகண் ஒட்டு. சதுரக் கண்ணே நல்லது. சாய்கண் (வைர வடிவக் கண்) இழுவையில் மூடிக்கொள்ளும், சதுரக்கண் திறந்தே நிற்கும், குஞ்சு வெளியேறும்.

ஐஸை முன்பே சொல்லி வையுங்கள். மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ. எல்லாப் படகும் ஒரே நாளில் கேட்கும்.

இனி காற்று. ஜூனில் தென்மேற்குக் காற்று தென்கடலான மன்னார் வளைகுடாவைத்தான் அடிக்கும். வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் அமைதியாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். எச்சரிக்கை வந்தால் அன்று டோக்கன் கிடையாது. ஏற்றிய ஐஸ் உருகும் நஷ்டம் உங்களுடையது. அதனால் 14-ந் தேதி மாலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஐஸ் ஏற்றுங்கள். கிளம்பினால், கரையிலிருந்து 5 கடல் மைல் தாண்டும் வரை மடி இறக்காதீர்கள். அவசரத்துக்குக் கடலோரக் காவல்படை எண் 1554. வீல்ஹவுஸ் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள்.